நாற்பது ஸ்லைடு, நாற்பது தோற்றம்: எங்கிருந்து திருத்துவது?

மூன்று பேர் தனித்தனியாகச் செய்த ஸ்லைடுகளை ஒரே கோப்பில் சேர்த்திருக்கிறீர்கள்; மொத்தம் நாற்பது. தலைப்பு ஒரு ஸ்லைடில் இடப்பக்கம், அடுத்ததில் நடுவில். தமிழும் ஆங்கிலமும் கலந்த வரிகளில் எழுத்தின் அளவு ஏறி இறங்குகிறது. பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் படிக்க முடியவில்லை என்று ஒத்திகையிலேயே சொல்லிவிட்டார்கள். எந்த ஃபாண்ட், என்ன அளவு, என்ன நிறம், இதையெல்லாம் ஒவ்வொரு ஸ்லைடாக உட்கார்ந்து திருத்துவதா என்பது உங்கள் கேள்வி.

ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டாம். அப்படிச் செய்தால் இருபதாவது ஸ்லைடுக்கு வரும்போது முதல் ஸ்லைடில் என்ன அளவு வைத்தோம் என்பது மறந்துபோயிருக்கும். ஃபாண்டுக்கும் நிறத்துக்கும் பிறகு வருகிறேன். கோப்பு ஏன் இப்படி ஆனது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். காரணம் தெரிந்தால் வேலை பாதியாகக் குறையும்.

பவர்பாயிண்டில் எழுத்து இரண்டு விதமான பெட்டிகளில் உட்காரும். புதிய ஸ்லைடு போட்டதும் ‘தலைப்பை இங்கே எழுதுங்கள்’ என்பதுபோல் காத்திருக்கும் பெட்டி பிளேஸ்ஹோல்டர். இன்சர்ட் மெனுவுக்குப் போய் நாமே வரைவது டெக்ஸ்ட் பாக்ஸ். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பிளேஸ்ஹோல்டர் தன் இடம், எழுத்தளவு, வரி இடைவெளி எல்லாவற்றையும் ஸ்லைடு மாஸ்டரிலிருந்து, அதாவது எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான மூல அச்சிலிருந்து, வாங்கிக்கொள்கிறது. மாஸ்டரில் தலைப்பை இடப்பக்கம் நகர்த்தினால் நாற்பது ஸ்லைடின் தலைப்பும் சேர்ந்து நகரும். டெக்ஸ்ட் பாக்ஸ் அந்த இடத்திலேயே நிற்கும். உங்கள் மூவரில் ஒருவராவது பிளேஸ்ஹோல்டரை அழித்துவிட்டு எல்லாவற்றையும் டெக்ஸ்ட் பாக்ஸிலேயே எழுதியிருப்பார். அது தவறான பழக்கம் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

யார் என்று கண்டுபிடிப்பது எளிது. வியூ மெனுவில் அவுட்லைன் வியூவைத் திறங்கள். பிளேஸ்ஹோல்டரில் உள்ள எழுத்து மட்டும்தான் அங்கே தெரியும். ஸ்லைடில் பத்து வரி இருந்தும் அவுட்லைனில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லையென்றால் அந்த ஸ்லைடு முழுக்க டெக்ஸ்ட் பாக்ஸ். அவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தைக் கையால் பிளேஸ்ஹோல்டருக்கு மாற்ற வேண்டிய வேலை அவற்றில் மட்டும்தான்.

இரண்டாவது காரணம் ஒட்டும் விதம். வேறொரு கோப்பிலிருந்து ஸ்லைடை எடுத்து ஒட்டும்போது, வந்த இடத்தின் தோற்றத்தோடு ஒட்டலாம், போகும் இடத்தின் தோற்றத்துக்கு மாற்றியும் ஒட்டலாம். ‘கீப் சோர்ஸ் ஃபார்மேட்டிங்’ என்பதை அழுத்தினால் அந்தக் கோப்பின் மாஸ்டரும் கூடவே வந்து குடியேறிவிடும். வியூ மெனுவில் ஸ்லைடு மாஸ்டரைத் திறந்து இடப்பக்கப் பட்டியலைப் பாருங்கள். மூன்று மாஸ்டர்கள் வரிசையாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அதனால் வேலை இந்த வரிசையில் போகட்டும். முதலில் கோப்புக்கு ஒரு நகல். பிறகு மாஸ்டர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதைச் செம்மைப்படுத்துங்கள். எல்லா ஸ்லைடையும் அந்த மாஸ்டரின் லேஅவுட்டுகளுக்கு (அதன் கீழ் வரும் பெட்டி அமைப்புகளுக்கு) மாற்றுங்கள். பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஹோம் தாவலில் உள்ள ரீசெட் பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். கையால் இழுத்து நகர்த்தியது, கையால் அளவு மாற்றியது எல்லாம் லேஅவுட் சொல்லும் இடத்துக்குத் திரும்பிவிடும். சில ஸ்லைடுகள் கலைந்து அசிங்கமாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அவைதான் அளவுக்கு மீறி அடைக்கப்பட்ட ஸ்லைடுகள். எப்படியும் அவற்றைப் பிரித்தாக வேண்டும். மிச்சமிருக்கும் பழைய மாஸ்டர்களை அழித்துவிடலாம். கூகுள் ஸ்லைட்ஸிலும் இதே ஏற்பாடு தீம் பில்டர் என்ற பெயரில் இருக்கிறது.

சரி, மாஸ்டரில் என்ன வைப்பது? இங்கேதான் எழுத்தளவு வருகிறது.

பவர்பாயிண்ட் தன் வழக்கமான தீமில் (ஃபாண்ட், நிறம், அளவுகளின் தொகுப்பில்) தலைப்புக்கு 44 பாயிண்ட், முதல் நிலைப் புள்ளிக்கு (புல்லட்) 28, அடுத்ததற்கு 24, பிறகு 20, கடைசி இரண்டுக்கும் 18 என்று ஐந்து நிலை வைத்திருக்கிறது. ஐந்து நிலை இருப்பதால் ஐந்தையும் பயன்படுத்தத் தோன்றும். இரண்டுக்கு மேல் போகாதீர்கள். என் கணக்கு: தலைப்பு 36, உள்ளே 28, துணை வரி 24. அதற்குக் கீழே மூலக்குறிப்பு, பக்க எண் போன்றவை மட்டும். தொழில்முனைவோருக்காக எழுதும் கய் கவாசாகி சொன்ன பிரபலமான விதி ஒன்று உண்டு: பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், முப்பது பாயிண்டுக்குக் குறையாத எழுத்து. பத்து, இருபது பற்றி எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. முப்பது என்பது நல்ல கடிவாளம், ஏனென்றால் அந்த அளவில் ஒரு பத்தியை உள்ளே திணிக்கவே முடியாது.

பலர் கவனிக்காத ஒன்று: ஒரு பாயிண்ட் திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது ஸ்லைடின் அளவைப் பொறுத்தது. பவர்பாயிண்ட் 2013 முதல் வழக்கமான ஸ்லைடு 13.33 அங்குல அகலம், 7.5 அங்குல உயரம். கூகுள் ஸ்லைட்ஸில் அது 10 அங்குலமும் 5.625 அங்குலமும். இரண்டுமே 16:9 தான், திரையில் ஒரே இடத்தைத்தான் நிரப்பும். ஆனால் கூகுளில் 24 பாயிண்ட் வைத்த எழுத்து, பவர்பாயிண்டில் 32 பாயிண்ட் வைத்ததற்குச் சமமாகத் திரையில் தெரியும். மூவரில் ஒருவர் கூகுளில் செய்து பதிவிறக்கித் தந்திருந்தால், எண்களைப் பார்த்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

பின்வரிசைக் கணக்கையும் இப்படியே போடலாம். ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட், ஆகவே பவர்பாயிண்ட் ஸ்லைடின் உயரம் 540 பாயிண்ட். 24 பாயிண்ட் எழுத்து என்றால் ஸ்லைடின் உயரத்தில் ஏறக்குறைய 22-இல் ஒரு பங்கு. ஒன்றரை மீட்டர் உயரத் திரையில் அது ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எழுத்தின் மேலும் கீழும் விடும் இடத்தைக் கழித்தால் கண்ணுக்குத் தெரியும் எழுத்து அதிலும் சிறியது. 14 பாயிண்டில் பின்வரிசைக்கு என்ன கிடைக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு வேண்டாம் என்றால் ஸ்லைடு சார்ட்டர் வியூவில் எல்லா ஸ்லைடையும் சிறு படங்களாக வைத்துப் பாருங்கள். அங்கே தலைப்பைப் படிக்க முடிகிறதா, எந்தப் பகுதி முக்கியம் என்று தெரிகிறதா என்பது போதும்.

உங்கள் கோப்பில் எழுத்தளவு ஏறி இறங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கும்: ஆட்டோஃபிட். வரிகள் பெட்டியை மீறினால் பவர்பாயிண்ட் நம்மைக் கேட்காமலே எழுத்தைச் சுருக்கும், வரி இடைவெளியையும் குறைக்கும். 28 பாயிண்ட் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் ஸ்லைடு உண்மையில் 19-இல் இருக்கும். மாஸ்டரில் உள்ள பெட்டியிலேயே இதை ‘டூ நாட் ஆட்டோஃபிட்’ என்று மாற்றிவிடுங்கள். அப்புறம் எழுத்து கீழே வழிந்தால் உங்களுக்கே தெரியும், தெரிந்தால்தான் வெட்டுவீர்கள்.

இனி தமிழ் எழுத்து. இதைப் பற்றிப் பொதுவான ஸ்லைடு அறிவுரைகள் எதுவும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பவர்பாயிண்ட் ஒரே வரியில் இருந்தாலும் லத்தீன் எழுத்துக்கு ஒரு ஃபாண்ட், தமிழ் போன்ற எழுத்துகளுக்கு வேறொரு ஃபாண்ட் என்று பிரித்து வைத்திருக்கிறது. ஆஃபீஸின் வழக்கமான தீமுக்குள் தமிழுக்கென்று லதா ஃபாண்ட் குறிக்கப்பட்டிருக்கும். நீங்கள் அழகான ஆங்கில ஃபாண்ட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கிலச் சொல் மட்டும் மாறும். அந்த ஃபாண்டில் தமிழே இல்லாததால் தமிழ்ப் பகுதிக்கு வேறொன்று வந்து உட்காரும். இரண்டும் ஒரே பாயிண்டில் இருந்தாலும் ஒன்று பெரிதாகவும் மற்றது மெலிந்தும் தெரிவது இதனால்தான். தமிழும் ஆங்கிலமும் ஒரே கையால் வரையப்பட்ட ஃபாண்டைப் பிடித்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை மூன்றிலும் இரண்டு எழுத்தும் உண்டு. மூன்றும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், கூகுள் ஸ்லைட்ஸிலும் நேரடியாகக் கிடைக்கும். ஒன்றும் நிறுவ முடியாத அலுவலகக் கணினி என்றால் நிர்மலா யூஐ இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் கூடவே வருவது, சாதுவானது, யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு கோப்புக்கு ஒரு ஃபாண்ட் குடும்பம் போதும். தலைப்புக்குத் தடித்தது, உள்ளே சாதாரணம். மாஸ்டரில் தீம் ஃபாண்டாக அதை வைத்துவிட்டு, ஹோம் தாவலில் ரீபிளேஸ் என்பதன் கீழ் இருக்கும் ரீபிளேஸ் ஃபாண்ட்ஸைத் திறந்து பாருங்கள். கோப்பில் இன்னும் எந்தெந்த ஃபாண்ட் ஒளிந்திருக்கிறது என்ற பட்டியல் அங்கே வரும். மூன்று பேர் கோப்பில் பத்துக்கு மேல் இருந்தாலும் வியப்பில்லை.

பட்டியலில் பாமினி போன்ற பழைய ஃபாண்ட் இருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். மேலே தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. ஃபாண்டை மாற்றிய நொடியில் வரி முழுக்கப் புரியாத ஆங்கிலக் குப்பையாகிவிடும். முதலில் எழுத்தை ஓர் எழுத்துரு மாற்றி (கன்வெர்ட்டர்) வழியாக, எல்லா மொழிக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகுதான் ஃபாண்டைத் தொட வேண்டும்.

அடுத்தது வரி இடைவெளி. அதே வழக்கமான தீம் வரி இடைவெளியை 90 விழுக்காடாக வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது நெருக்கமாக, அழகாக இருக்கும். தமிழில் மேல்வரியில் ஒரு ‘ழு’வோ ‘பு’வோ கீழே இறங்கும், கீழ்வரியில் ஒரு ‘கீ’யின் கொம்போ மெய்யெழுத்தின் புள்ளியோ மேலே ஏறும். இரண்டும் முட்டிக்கொள்ளும். மாஸ்டரில் 1.0 முதல் 1.15 வரை வையுங்கள். ஒரு புல்லட் புள்ளிக்கும் அடுத்த புல்லட்டுக்கும் இடையில் அதைவிடத் தெளிவாகக் கூடுதல் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வரியாக மடங்கிய ஒரு கருத்தும் தனித்தனி இரண்டு கருத்தும் ஒன்றுபோலத் தெரியும்.

அழுத்திக் காட்டுவதற்குத் தமிழில் வழிகள் குறைவு. ஆங்கிலத்தின் கேப்பிட்டல் போன்ற பெரிய எழுத்து நமக்கு இல்லை. சாய்வெழுத்து மரபு இல்லை. இடாலிக் (I) பொத்தானை அழுத்தினால் மென்பொருள் எழுத்தைத் தள்ளிச் சாய்க்கும், அவ்வளவுதான். அடிக்கோடு ‘சு’, ‘ழு’ போன்றவற்றின் காலை வெட்டும். மீதம் இருப்பது தடிமனும் நிறமும் அளவும். தடிமனிலும் ஒரு எல்லை உண்டு. மிகத் தடித்த எழுத்தில் சுழிகள் அடைபடும், மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் தூரத்தில் ஒன்றாகிவிடும். அதிமெல்லிய எழுத்தில் புள்ளி காணாமல் போகும். நடுத்தரமான தடிமனே நல்லது. ஒரு ஸ்லைடில் ஒரு சொல்லோ ஓர் எண்ணோ தடித்திருக்கலாம். நான்கு இடம் தடித்தால் எதுவும் தடிக்கவில்லை என்று பொருள்.

நம் சொற்களின் நீளம் இன்னொரு சங்கதி. ‘ஒருங்கிணைக்கப்பட்டிருக்கின்றன’ என்ற ஒரே சொல் 28 பாயிண்டில் ஒரு குறுகிய பத்தியின் (காலம்) அகலத்தை விழுங்கிவிடும், பவர்பாயிண்ட் அதை ஒழுங்காக உடைக்கவும் செய்யாது. அதனால் ஆங்கிலத்தில் அழகாக இருக்கும் மூன்று பத்தி, நான்கு பத்தி டெம்ப்ளேட்டுகள் தமிழில் பல்லிளிக்கும். இரண்டு பத்திக்கு மேல் வேண்டாம். ‘ஜஸ்டிஃபை’ வேண்டவே வேண்டாம். நீளச் சொல் கீழே இறங்கியதும் மேல்வரியில் ஓட்டை ஓட்டையாக வெள்ளை தெரியும். இடப்பக்க ஒழுங்கே போதும். அதைவிட நல்ல மருந்து எழுத்து நடையில் இருக்கிறது. ‘நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன’ என்பதை ‘வேலை நடக்கிறது’ என்று எழுதினால் பாதி இடம் மிச்சம். ஸ்லைடில் ‘படு’ விகுதியைத் தேடித் தேடி வெட்டுங்கள். நான் பார்த்த வரையில் தமிழ் ஸ்லைடுகளில் இடப் பற்றாக்குறைக்கு ஃபாண்டைவிட இந்த நடைதான் பெரிய காரணம்.

இப்போது கேள்வியில் நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். எழுத்தளவு, உள்தள்ளல், இடம் இவையெல்லாம் அலங்காரம் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் எது பெரிது எது சிறிது என்று பார்ப்பவருக்குச் சொல்வது அவைதான். நீங்கள் சொல்ல நினைத்ததும் அமைப்பு சொல்வதும் வேறுபட்டால் பார்ப்பவர் அமைப்பையே நம்புவார்.

இதற்கு ஆவணமாகிவிட்ட சாட்சி ஒன்று இருக்கிறது. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது. ஓடம் மேலே இருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டு நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் நிலைமை பாதுகாப்பான பக்கமே இருப்பதுபோல ஆறுதல் தந்தது. அதன் கீழே புள்ளி, புள்ளிக்குள் புள்ளி என்று வரிகள். கடைசி வரியாக, உள்ளே தள்ளி, சிறிய எழுத்தில் இருந்த தகவல் இது: மோதிய துண்டின் கன அளவு 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம். அறுநூற்று நாற்பது மடங்கு! அதாவது அந்தச் சோதனைத் தரவு இந்த மோதலுக்குப் பொருந்தாது. முழு ஸ்லைடிலும் தலைப்பாக இருந்திருக்க வேண்டியது அதுதான். பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் ஓடம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள்.

தகவல் காட்சிப்படுத்தலில் பெயர்பெற்ற எட்வர்ட் டஃப்டி அந்த ஸ்லைடை வரி வரியாகப் பிரித்து விமர்சித்தார். விபத்தை விசாரித்த குழுவும் அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் அந்த அலசலைச் சேர்த்தது. மூத்த அதிகாரி ஒருவர் அந்த ஸ்லைடைப் படித்துவிட்டு, உயிருக்கு ஆபத்தான விஷயம் என்று உணராமல் போவது எளிது என்ற பொருளில் குழு எழுதியது. விபத்துக்கு ஒரு ஸ்லைடுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, அது நியாயமும் இல்லை. ஆனால் தகவல் ஸ்லைடில் இருந்தது, யாரும் மறைக்கவில்லை, இருந்தும் போய்ச் சேரவில்லை. உள்தள்ளிய ஐந்தாம் நிலைப் புள்ளியை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த 1,920 ஞாபகம் வரும்.

எனவே உங்கள் நாற்பதிலும் ஒரு வேலை செய்யுங்கள். ‘விற்பனை நிலவரம்’, ‘ஆய்வு முடிவுகள்’ என்று பெயர்ப்பலகை மாதிரி இருக்கும் தலைப்புகளை அடித்துவிட்டு, அந்த ஸ்லைடு சொல்லும் செய்தியை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். ‘இரண்டாம் காலாண்டில் விற்பனை குறைந்தது, காரணம் தாமதமான விநியோகம்.’ தலைப்பு இரண்டு வரி போகலாம், தப்பில்லை. அதனால்தான் 44-ஐ 36 ஆக்கச் சொன்னேன். மைக்கேல் ஆலி என்ற பேராசிரியர் அறிவியல் ஸ்லைடுகளுக்கு இந்த முறையையே வற்புறுத்துகிறார்: தலைப்பில் ஒரு கூற்று, கீழே அதற்கான சான்று படமாக. இப்படி எழுத முயலும்போது சில ஸ்லைடுகளுக்கு வாக்கியமே வராது. அந்த ஸ்லைடில் செய்தி இல்லை என்று அர்த்தம், தூக்கிவிடலாம். சிலவற்றுக்கு இரண்டு வாக்கியம் வரும், இரண்டாகப் பிரியுங்கள். எண்ணிக்கை நாற்பதிலிருந்து ஏறினாலும் கவலை இல்லை, நேரம் ஒன்றுதான்.

தலைப்பே செய்தியைச் சொல்லிவிட்டால் கீழே உள்ள புள்ளிகளில் பல தேவையற்றுப் போகும். பேசப்போகும் வாக்கியங்களையே ஸ்லைடில் எழுதி அவற்றைப் படித்துக் காட்டுவதால் என்ன ஆகும் என்பதை ரிச்சர்ட் மேயர் போன்ற கல்வி உளவியலாளர்கள் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்: படத்தோடு பேச்சு மட்டும் இருக்கும்போது கற்பது நன்றாக இருக்கிறது, அதே பேச்சைத் திரையிலும் எழுத்தாகப் போட்டால் குறைகிறது. ‘ஆனால் கோப்பைப் பிறகு எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமே’ என்பீர்கள். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே நோட்ஸ் பகுதி அதற்காகத்தான் இருக்கிறது. விவரத்தை அங்கே எழுதி, நோட்ஸ் பேஜாகப் பிடிஎஃப் எடுத்து அனுப்புங்கள்.

அமைப்பு விஷயத்தில் பெரிய கலைத்திறன் தேவையில்லை. மாஸ்டரில் ஆல்ட்-எஃப்9 அழுத்திக் கோடுகளை வரவழைத்து நான்கு பக்கமும் ஓரம் விடுங்கள். அதைத் தாண்டி எதுவும் போகக்கூடாது, முழுப் பரப்பையும் நிரப்பும் படத்தைத் தவிர. தலைப்பு எல்லா ஸ்லைடிலும் ஒரே இடத்தில் தொடங்கட்டும். படங்களையும் பெட்டிகளையும் கண்ணளவில் வரிசைப்படுத்தாமல் அரேஞ்ச் என்பதில் உள்ள அலைன், டிஸ்ட்ரிபியூட் கட்டளைகளிடம் விட்டுவிடுங்கள். காலியான இடத்தைப் பார்த்ததும் ஏதாவது படம் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். கைகுலுக்கும் கைகள், பல்சக்கரங்கள், ஏணி ஏறும் மனிதன், இவை எதையும் சொல்வதில்லை. படம் வைத்தால் பெரிதாக வையுங்கள், மூலையைப் பிடித்து இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் முகம் உப்பும். படத்தின் மேல் எழுத்து வேண்டுமென்றால் இடையில் பாதி ஒளி ஊடுருவும் கறுப்புப் பட்டை ஒன்று போடுங்கள்.

லோகோ பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஸ்லைடிலும் வேண்டும் என்று கேட்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. மாஸ்டரில் ஒரே முறை, மூலையில், சிறியதாகப் போட்டுவிட்டால் அவர்களுக்கும் திருப்தி, எனக்கும் இடம் மிச்சம். பக்க எண்ணை மட்டும் மறக்க வேண்டாம். ‘பதினெட்டாவது ஸ்லைடுக்குப் போங்கள்’ என்று கேட்க அவையில் ஒருவர் இருப்பார்.

நிறத்துக்கு வந்தால், பின்னணிக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று, ஆக மூன்று போதும். தீம் கலர்ஸில் பன்னிரண்டு இடங்கள் இருக்கும். உங்கள் நிறங்களை அங்கே வைத்துவிட்டு எப்போதும் அங்கிருந்தே எடுங்கள், நாளைக்கு நீலத்தைப் பச்சையாக்கச் சொன்னால் ஒரே இடத்தில் மாற்றலாம். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது என்பதை நினைவில் வையுங்கள். ஒளி போகாத இடமே கறுப்பு. அறையில் விளக்கு எரிந்தால் அது சாம்பல். அதனால் வெளிச்சமான அறை, புரொஜெக்டர் என்றால் வெள்ளைப் பின்னணியில் கரும் எழுத்து. பெரிய எல்இடி திரையோ இருட்டு அரங்கமோ என்றால் கரும்பின்னணி நன்றாகவே இருக்கும். இணையத்துக்கான அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 என்ற வேறுபாட்டையும், பெரிய எழுத்துக்கு 3:1 என்பதையும் குறைந்தபட்சமாகக் கேட்கின்றன. அது கணினித் திரைக்கு. புரொஜெக்டர் அதிலும் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் விளிம்பில் நிற்காதீர்கள். வெள்ளையில் மஞ்சள், நீலத்தில் சிவப்பு இரண்டும் எங்கே இருந்தாலும் மாற்றுங்கள். ‘பச்சை நல்லது, சிவப்பு கெட்டது’ என்று நிறத்தை மட்டும் நம்பாமல் பக்கத்தில் ஒரு சொல்லும் வையுங்கள். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் எந்த அவையிலும் இருக்கக்கூடும்.

அட்டவணை: எக்செலிலிருந்து பன்னிரண்டு பத்தியை அப்படியே ஒட்டியிருந்தால் அது ஸ்லைடு அல்ல, இணைப்பில் போக வேண்டியது. பேசப்போகும் மூன்று பத்தியை மட்டும் எடுங்கள், எண்களை வலப்பக்கம் ஒழுங்குபடுத்துங்கள், கட்டக்கோடுகளை நீக்கிக் கிடைக்கோடுகளை மட்டும் மெலிதாக விடுங்கள். வரைபடத்தில் எந்த நிறம் எது என்று சொல்லும் குறிப்புப் பெட்டியை எடுத்துவிட்டுக் கோட்டின் முனையிலேயே அதன் பெயரை எழுதுங்கள். எல்லாக் கோடும் சாம்பல், பேசும் கோடு மட்டும் நிறம். முப்பரிமாண வட்ட வரைபடம் எதிலாவது இருந்தால் தட்டையாக்குங்கள். சாய்த்து வைப்பதால் முன்னால் இருக்கும் துண்டு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.

அனிமேஷன்? தேவையான இடத்தில் ‘அப்பியர்’ மட்டும். பறந்து வருவது, சுழன்று வருவது எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.

கடைசியாக, இவ்வளவும் செய்து கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் அங்கே முக்தா மலர் இருக்காது. விண்டோஸ் பவர்பாயிண்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் ஃபாண்டைக் கோப்புக்குள்ளேயே புதைத்து வைக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். சில ஃபாண்டுகளின் உரிமம் இதற்கு இடம் தராது, கூகுள் ஃபாண்ட்ஸில் அந்தச் சிக்கல் இல்லை. கூடவே ஒரு பிடிஎஃப் நகலும் பென்டிரைவில் இருக்கட்டும். அனிமேஷன் போய்விடும், எழுத்து உடையாது. அறையில் இருப்பது பழைய 4:3 புரொஜெக்டரா என்றும் முன்பே கேட்டுவிடுங்கள். 16:9 ஸ்லைடு அதில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு சிறுத்துத் தெரியும், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த 28 பாயிண்ட் அங்கே 21 மாதிரி ஆகிவிடும். அப்படியென்றால் டிசைன் தாவலில் ஸ்லைடு சைஸை முதலிலேயே 4:3 ஆக மாற்றிவிட்டு மாஸ்டர் வேலையைத் தொடங்குங்கள். எல்லாம் முடித்த பிறகு மாற்றினால் மறுபடியும் நாற்பதையும் தொட வேண்டியிருக்கும்.